அடுப்படிக்குக் கதவு எடுத்த கதை

காங்கயம் ரோட்டில் இருந்த அந்தக் கடைக்குள் நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவர் முழுக்கக் கதவுகள். வெள்ளை, சாம்பல், தேக்கு நிறம், கண்ணாடி வைத்தது, வைக்காதது என்று சின்னச் சின்னக் கதவுகளாக மாட்டி வைத்திருந்தார்கள். என் மகள் ஒன்றைத் திறந்தாள். பின்னால் வெறும் சுவர். இன்னொன்றைத் திறந்தாள். அதற்குப் பின்னாலும் சுவர்தான். அலமாரிக்குக் கதவை மட்டும் தனியாகப் பார்த்து எடுக்கிற காலம் ஒன்று எனக்கும் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நாங்கள் இருப்பது திருப்பூர் நல்லூரில். கீழே எங்களுடைய சின்னத் தையல் யூனிட், மேலே வீடு. மூலனூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது மாடியில் ஒரே ஒரு அறையும், தகரம் போட்ட ஒரு அடுப்படியும் இருந்தன. அப்புறம் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எடுத்தோம். மெஷின் வாங்க வேண்டும், ஷெட்டை நீட்ட வேண்டும், மகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றதில், அடுப்படி மட்டும் தகரத்தோடு அப்படியே நின்றுவிட்டது. சென்ற ஐப்பசி மழையில் அது ஒழுகிய ஒழுக்கைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், “இனி இதுக்குள்ள நீ நிக்க வேண்டாம் புள்ள. பக்கத்துல காலியாக் கெடக்கற எடத்துல புதுசாவே ஒண்ணு கட்டிரலாம்” என்றார். சொன்னபடி கட்டியும் விட்டார். தரைக்குக் கல் பதித்து, மேடையும் போட்டாகிவிட்டது. மிச்சம் அலமாரிக் கதவுதான்.

அன்றைக்குக் கடைக்கு எங்களோடு என் நங்கையாவும் வந்திருந்தார். நங்கையா என்றால் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், கூடப் பிறந்த அக்கா. சாமளாபுரத்தில் வாக்கப்பட்டவர். விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகியவர் என்பதால் அவர் ரகசியம் சொன்னாலும் பக்கத்து வீதிக்குக் கேட்கும். அவருடைய வீட்டு அடுப்படி பளபளவென்று சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும். “எங்கூட்டுக் கதவுல மொகம் பாத்துப் பொட்டே வெச்சுக்கலாம். தம்பி, நீயும் அதையே போட்டுரு” என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வருவாள். அவளும் போன் நிறையப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். கைப்பிடியே இல்லாத கதவுகள். லேசாக அழுத்தினால் தானாகத் திறந்துகொள்ளுமாம். “நீட்டா இருக்கும்மா. புடவை மாட்டாது” என்றாள்.

கடையில் எங்களை அழைத்துப்போய்க் காட்டியது ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். பேச்சிலேயே திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது. “வாங்கக்கா, எந்த மாடல்னாலும் தொட்டே பாக்கலாம்” என்றாள். இது அக்ரிலிக், இது லேமினேட், இது மேட், இது நடுவில் பள்ளமும் சுற்றிலும் சட்டமும் வைத்தது என்று சொல்லிக்கொண்டே போனாள். நங்கையா ஒரு வெள்ளைப் பளபளப்புக் கதவின் முன்னால் நின்று, “இதாண்டா தம்பி!” என்றார்.

நானும் அதன் பக்கத்தில் போய்க் கையை வைத்தேன். கதவு எங்கே முடிகிறது, பக்கத்துக் கதவு எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மேலே எரிந்த விளக்கெல்லாம் அதற்குள் விழுந்து ஒரே வெளிச்சமாகக் கலங்கியது. கண்ணை அதிலிருந்து எடுத்து, என் வீட்டுக்காரரின் குரல் கேட்ட பக்கம் திரும்பினேன். அங்கே மேல் அலமாரி ஒன்றைக் காட்டுவதற்காக அந்தப் பெண் கதவைத் திறந்து வைத்திருந்தாள். அதன் முனை என் நெற்றியில் ‘ணங்’ என்று இடித்தது. வலியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“எங்க பாத்துட்டு வர்றே அம்மிணி? இத்தாப் பெரிய கதவு தெரியலயா?” என்று நங்கையா சத்தம் போட்டார்.

“தெரியலீங்க நங்கையா” என்றேன்.

அது உண்மை. ஆனால் அது எவ்வளவு உண்மை என்று அவருக்குத் தெரியாது.

என் கண்ணுக்கு வந்திருப்பது பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற நோய். நேராக இருப்பது நன்றாகத் தெரியும். ஊசியில் நூல்கூடக் கோப்பேன். ஆனால் தோளுக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் தெரியாது. வெளிச்சம் மங்கினால் இன்னும் மோசம். முதலில் எனக்கே அது புரியவில்லை. கீழே யூனிட்டில் செக்கிங் பார்ப்பது நான்தான். தைத்து வருகிற பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் பார்த்துப் பிரித்துவைப்பேன். அதில் என் கண்ணுக்குத் தப்பி நாலைந்து பீஸ் போக ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பாவம், வேலை கேட்டு வந்துச்சு” என்று ஒரு பெண்ணை எனக்குப் பக்கத்து மேஜையில் உட்காரவைத்தார். நான் பார்த்து முடித்ததை அவள் இன்னொரு தரம் பார்ப்பாள். வெகு காலம் கழித்துத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தப் பெண் வேலை கேட்டு வரவில்லை. அவர்தான் தேடிப்போய்க் கூட்டிவந்திருக்கிறார்.

கோயம்புத்தூர் டாக்டர், போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை, இருப்பது இன்னும் பல வருஷம் நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று பதமாகத்தான் சொன்னார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் நான், “சொந்தக்காரங்க யாருகிட்டயும் இப்பச் சொல்ல வேண்டாங்க” என்றேன். பரிதாபப்படுகிற முகங்களைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. “நீ எப்பச் சொல்றயோ அப்பச் சொல்லு. நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்றார். திறக்கவும் இல்லை. மகளுக்கு மட்டும் தெரியும்.

இப்போது அந்தக் கடையில், கதவுகளுக்கு நடுவே, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை நெற்றியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நங்கையா இன்னும் அந்தக் கதவைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ சட்டென்று மறைப்பது அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“ஒரு கொழாய் வழியாப் பாக்கறாப்பல இருக்குங்க நங்கையா. கொழாய்க்கு வெளிய இருக்கறது எதுவும் தெரியாதுங்க.”

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அடுத்து நங்கையா மகளைப் பார்த்தார். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். காரில் நல்லூர் வந்து சேரும் வரைக்கும் நங்கையாவிடமிருந்து ஒரு பேச்சில்லை. அவர் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததே கிடையாது. வீட்டில் காபிகூடக் குடிக்காமல் சாமளாபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். ‘பொழுது சாயறதுக்குள்ள ஊரு பூராத் தெரிஞ்சிரும்’ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை இட்லி வெந்துகொண்டிருக்கும்போதே வந்து நின்றார். உள்ளே வந்ததும் வராததுமாக மகளிடம், “கண்ணு, கீழ போயி நூல் சுத்தி வர்ற கோன் காலியா இருந்தா ரெண்டு எடுத்துட்டு வா. பனியன் துணி ஒரு துண்டும் எடுத்துக்க” என்றார்.

தையல் மெஷினில் மாட்டுகிற நூல் தீர்ந்துபோனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கோன் மிஞ்சும். அடி அகலமாக, நுனி ஓட்டையாக, புனல் மாதிரி இருக்கும். மகள் கொண்டுவந்த இரண்டையும் நங்கையா தன் கண்களில் வைத்து அழுத்திக்கொண்டார். “பின்னால இறுக்கிக் கட்டு” என்றார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டிவிட்டாள். மூக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு கோன் நீட்டிக்கொண்டிருக்க, நங்கையா என் பழைய அடுப்படியைப் பார்த்துத் திரும்பினார்.

“எல்லாரும் அக்கட்டப் போங்க. நாந்தான் இன்னிக்கு டீ வெக்கறேன்.”

முதலில் எங்களுக்குச் சிரிப்புத்தான். பால் பாத்திரத்தை எடுக்கப் போய்ப் பக்கத்திலிருந்த எண்ணெய்த் தூக்கைத் தட்டிவிட்டார். சர்க்கரை டப்பாவுக்காகப் பிளைவுட் அலமாரியைத் திறந்தவர், திறந்த கதவை மறந்துவிட்டு நிமிர்ந்தார். நேற்று எனக்கு இடித்தாற்போலவே அவருக்கும் இடித்தது. டம்ளர் அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தேடி மேடை முழுக்கக் கையால் துழாவினார். மகள் எடுத்துக் கொடுக்கப் போனாள். “தொடாதே!” என்று அதட்டினார். எப்படியோ டீ கொதித்தது. கொஞ்சம் பொங்கி அடுப்பிலும் வழிந்தது.

அதற்கப்புறம் கட்டை அவிழ்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் பதிந்திருந்தது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“இத்தன வருசமா நாங்க வந்தப்பெல்லாம் இப்பிடித்தான் சோறாக்கிப் போட்டியா அம்மிணி? ஒறம்பர, சொந்தபந்தம்னு வந்த அத்தன பேருக்கும்?”

“அப்ப இந்தளவுக்கு இல்லீங்க நங்கையா. கொஞ்சங் கொஞ்சமாத்தான் வந்துச்சுங்க.”

“ஒரு நாளாவது ‘நீங்க வந்து வெங்காயம் அரிங்க’ன்னு சொல்லியிருக்கலாமல்லோ.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பழைய குரல் திரும்பி வந்திருந்தது. “கேட்டுக்க கண்ணு,” என்று என் மகளிடம் சொன்னார். “தொறந்து நிக்கற கதவுதான் மொத எமன். பக்கவாட்டுல தொறக்கற கதவு தலை ஒசரத்துல ஒண்ணுகூட இருக்கப்படாது. அப்பறம், அந்தப் பளபளா வேண்டவே வேண்டாம். எங்கூட்டுக்குப் போயி மொத வேலையா அதை என்ன பண்ணலாம்னு பாக்கறேன்.”

ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்த அந்த நங்கையா, அவருடைய வீட்டுக்காரரிடம்கூட அதுவரை மூச்சுவிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்கு மதியம் மகளும் நானும் மறுபடி அந்தக் கடைக்குப் போனோம். “கதவுங்களை எங்க வீட்டு வெளிச்சத்துல வெச்சுப் பாக்கணும். குடுப்பீங்களா?” என்று மகள் கேட்டாள். அந்தப் பெண் தயங்கினாள். மாதிரிக் கதவுகளைக் கடையை விட்டு வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லையாம். என் நெற்றியில் புடைத்திருந்ததை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சுவரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

“எடுத்துட்டுப் போங்கக்கா. முதலாளிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அவுக ஏசினா ஏசட்டும்.”

கழற்றிய கதவுகளைப் பழைய சேலையில் சுற்றி, கார் சீட்டில் குழந்தையைப் படுக்கவைப்பது மாதிரி அடுக்கி வைத்தாள். “எங்க அம்மைக்கும் சர்க்கரையில ஒரு கண்ணு போயிட்டுக்கா” என்று போகிற போக்கில் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் புது அடுப்படியில் கதவுகள் சுவரில் சாய்ந்து நின்றன. மகள் லீவு போட்டுவிட்டாள். காலை வெயிலில் ஒரு தரம், மத்தியானத்தில் ஒரு தரம், டியூப்லைட் போட்டு ஒரு தரம் என்று என்னை நிறுத்திவைத்து, “எங்க முடியுது, சொல்லும்மா” என்று கேட்பாள். நான் விரலால் காட்டுவேன். பளபளப்பானது எல்லாம் முதல் நாளே கழிந்துவிட்டது. வெள்ளை மேட் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சுவரோடு கரைந்துபோனது. கரும் பச்சை ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வெளிர் மேடைக்குக் கீழே அதை வைத்தபோது, மேடை எங்கே முடிகிறது என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பாத்திரத்தை எந்தப் பயமும் இல்லாமல் மேடை ஓரத்தில் வைத்தேன். வெகு நாளைக்கு அப்புறம் அப்படி வைத்தேன்.

கைதான் எனக்கு அதிகம் உதவியது. துணியைத் தொட்டே பழகிய கை. வழவழவென்று இருக்கும் கதவில் விரல் வழுக்கிக்கொண்டே போகும், நிற்க இடமே இருக்காது. சுற்றிலும் சட்டம் வைத்த கதவில் ஓரம் வந்ததும் விரல் தானாக நின்றுவிடும். “இது நிக்குது பாரு” என்று மகளிடம் சொன்னேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். அந்த நேரத்தில் சாப்பிட மேலே வந்த என் வீட்டுக்காரர், தாயும் மகளும் கதவுகளைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவரும் கண்ணை மூடிக்கொண்டு தடவ ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங்க, எல்லாமே ஒரே மாதிரி சட்டமா இருந்தா, எது பருப்பு, எது பாத்திரம்னு கைக்குத் தெரியாதுங்களே?” என்று கேட்டேன்.

அவர் ஒரு கதவை விட்டுவிட்டு இன்னொன்றைத் தடவினார். “ஒரே மாதிரி எதுக்கு இருக்கணும்? வேற வேற போட்டா எவன் கேக்கப் போறான்?” என்றார்.

அப்படித்தான் முடிவானது. கீழே எல்லாம் இழுவை டிராயர், இழுத்துவிட்டால் மெதுவாகத் தானே மூடிக்கொள்வது. மேலே எல்லாம் மேல்நோக்கித் தூக்குகிற கதவு, தலையில் இடிக்கவே இடிக்காது. பருப்பு, அரிசி இருக்கும் பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பள்ளம். பாத்திரம் இருக்கும் பக்கம் வெறும் சட்டம். மசாலாவுக்குக் குறுக்குக் கோடு. எல்லாவற்றுக்கும் கை முழுக்கப் பிடிக்கிற மாதிரி நீளமான கைப்பிடி. மகள் போனில் சேர்த்துவைத்திருந்த படங்களைப் பற்றி நான் மெதுவாகக் கேட்டேன். “அது நான் வீடு கட்டறப்பப் போட்டுக்கறேன். உனக்குக் கையில பிடிக்க ஒண்ணு வேணும்லம்மா” என்றாள். அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

எல்லாம் முடிவான பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. சொல்லக் கூச்சமாகவும் இருந்தது. சமையலுக்கு அது ஒரு உதவியும் இல்லை.

“ஒரே ஒரு கதவு மட்டும் கண்ணாடியில வெக்கலாங்களா? உள்ள ஒரு சின்ன லைட்டுப் போட்டு?”

என்னிடம் நீலப்பூ போட்ட பீங்கான் தட்டுகள் சில இருந்தன. எங்கள் முதல் ஆர்டர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தபோது நானே ஆசைப்பட்டு வாங்கியவை. உடைந்துவிடும் என்று பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன்.

“கண்ணாடியா? இடிச்சு ஒடஞ்சா கை கிழியும். வேண்டாம் அம்மிணி” என்றார் அன்றைக்கு வந்திருந்த நங்கையா.

“தெரியற வரைக்கும் பாத்துக்கறனுங்க” என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

என் வீட்டுக்காரர் எழுந்து போய் மூலைச் சுவரைத் தட்டினார். “கண்ணாடி இருக்கட்டும் அக்கா. அடுப்புக்கு எட்டக்க, அந்த மூலைச் செவுத்துல வெச்சுக்கலாம். ஒடையாத கண்ணாடியே கெடைக்குது.”

மாதிரிக் கதவுகளைத் திருப்பிக் கொடுத்து ஆர்டர் சொன்னதும், கதவுகளைச் செய்து மாட்டக் கடையிலிருந்து வந்தவர் ராஜஸ்தான்காரர். திருப்பூருக்கு வந்து வெகு வருஷமாகிவிட்டது. தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். கதவுகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு, “அம்மா, சப் அலக் அலக்? எல்லாம் வேற வேறயா? நல்லா இருக்காது அம்மா” என்றார். என் வீட்டுக்காரர் யூனிட்டில் பழகிய இந்தியில் என் கண்ணைப் பற்றிச் சொன்னார். அவர் என்னைப் பார்த்து, “அச்சா” என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கதவையும் முழுதாக முடிக்கும் முன்னால் என்னைக் கூப்பிடுவார். வெறும் பிளைவுட்டை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு, “கை வெச்சுப் பாருங்க அம்மா” என்பார். நான் தூக்கிப் பார்ப்பேன். எட்டவில்லை என்றால் கீழே இறக்குவார். கைப்பிடியை நான் இயல்பாகக் கை நீட்டுகிற இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். கதவுகள் மாட்டி முடித்த அன்று நான் வழக்கம்போல ஒவ்வொன்றின் ஓரத்தையும் தடவிக்கொண்டு வந்தேன். எந்த மூலையிலும் கூர்மை இல்லை. எல்லா மூலைகளையும் உருட்டி விட்டிருந்தார். நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

“கோல் பண்ணிட்டேன் அம்மா, வட்டமா. இடிச்சாலும் ரத்தம் வராது” என்றார்.

நன்றி சொல்ல எனக்கு இந்தி வரவில்லை. “சாப்புட்டுட்டுப் போங்க” என்றேன். அவர் மாமிசம், முட்டை எதுவும் தொடமாட்டார் என்பதால் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, நெய் ஊற்றிப் போட்டேன். புது அடுப்படியில் நான் ஆக்கிய முதல் சாப்பாடு அதுதான். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சியது அதற்குப் பிறகு. நங்கையாவுக்கு இது தெரிந்தபோது, பால் காய்ச்சுவதற்கு முன்னால் சோறாக்கலாமா என்று ஒரு பாட்டம் சத்தம் போட்டார். பிறகு, “செரி, பசிச்ச மனுசனுக்குத்தானே போட்டே” என்று அவரே சமாதானம் ஆனார்.

பால் காய்ச்சின அன்றைக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கீழே யூனிட்டில் வேலை செய்கிறவர்களும் வந்தார்கள். நாலு பேர் நாலு விதமாகப் பார்த்தார்கள். ஒரு அத்தை கேட்டேவிட்டார்: “ஏனம்மிணி, துணி பத்தாமத் தெச்ச சட்டையாட்ட ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு மாதிரி இருக்குது?”

நங்கையா முந்திக்கொண்டு, “இப்ப இதாங்க பேசன்!” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “பேசனெல்லாம் இல்லீங்க அத்தை” என்று சொல்லி, என் கண்ணுக்கு என்ன என்று நானே சொன்னேன். அத்தனை பேருக்கு நடுவில், கையில் கரண்டியோடு. பரிதாபமான முகங்கள் இருந்தனவா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரரை. அவர் ஒரு கதவைத் தூக்கிக் காட்டி, “தூக்குனா அப்படியே நிக்கும், பாருங்க” என்று யாருக்கோ பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

கடைப் பெண்ணையும் பால் காய்ச்சக் கூப்பிட்டிருந்தேன். அன்றைக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை என்று, பிறகு லீவு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அடுப்படியில் நின்று ஒவ்வொரு கதவாகத் தொட்டுப் பார்த்தாள். “நான் வித்த கதவு ஒண்ணை மாட்டுனதுக்கப்பறம் இப்பத்தான்க்கா பாக்கேன்” என்றாள். கடையோடு அவளுடைய வேலை முடிந்துவிடும். யார் வீட்டுக்கும் யாரும் கூப்பிட்டது இல்லையாம்.

“உன் வீட்டுல எப்படி சாமி?” என்று கேட்டேன்.

“லைன் வீடுதானக்கா. ஒத்த ரூமு. அடுப்புக்குக் கீழ ஒரு பலகை. பழைய துண்டை ஸ்கிரீனாக் கட்டியிருக்கேன்” என்றாள். குறைப்படாமல் சொன்னாள். “நல்ல வசதிக்கா. ஸ்கிரீன் இடிக்காதுல்லா?”

இருவரும் சிரித்தோம். சாப்பாடு ஆவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யூனிட்டில் சத்தம் இல்லை. ரேக்கில் மிச்சம் மிச்சமாக நிறைய நிறத்தில் துணி இருந்தது. கைக்குக் கனமாக, நன்றாகத் தொங்குகிற துணியாக நான் தொட்டு எடுத்து எடுத்துப் போட்டேன். நிறத்தை அவள் பார்த்துக்கொண்டாள். ஊதாவை எடுத்தாள், வைத்தாள். சிவப்பை எடுத்தாள், அதில் அழுக்குத் தெரியாது என்று நான் சொன்னேன். அதையும் வைத்துவிட்டாள். கடையில் எத்தனை பேருக்கு எத்தனை நிறம் காட்டியிருப்பாளோ, தனக்கென்று வரும்போது அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் மாம்பழ மஞ்சள் ஒன்றைப் பிரித்துத் தன் மேல் போர்த்திப் பார்த்துக்கொண்டு, “இது இருக்கட்டும்கா. வீட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி” என்றாள்.

அவளை மெஷினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அதை ஸ்கிரீனாக ஓரம் மடித்துத் தைத்தேன். மேலேயிருந்து நங்கையா சோறு ஆறிப்போகிறது என்று கத்தினார். “வந்துட்டனுங்க” என்று பதில் சொல்லிவிட்டு, துணியை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.